தைல பாட்டிலில் வந்த எறும்பு

நத்தம் பக்கத்திலிருந்து வந்திருந்த என் தங்கை வீட்டுக்காரர், சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு தைல பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். தைலம் தீர்ந்துபோன சின்ன பாட்டில். உள்ளே மருந்துக்கடை ஸ்பிரிட். அதன் அடியில் ஒன்பது எறும்புகள்.

“மச்சான், இது நம்ம ஊரு எறும்பு இல்ல. காலப் பாருங்க, எம்புட்டு நீளம்னு.”

அவர் ஆடு வளர்ப்பவர். கொட்டத்தில் படுத்திருந்த இரண்டு குட்டிகளுக்கு ஒரே நாளில் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்திருக்கிறது. இமையை விலக்கிப் பார்த்தால் ஓரத்தில் இந்த எறும்பு. கடித்த தடம் எதுவும் இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் காணாமல் போய், மூன்றாம் நாள் பழையபடி வந்துவிட்டதாம். எனக்கு எறும்புகள்மேல் கிறுக்கு உண்டு என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் பாட்டில் என்னிடம் வந்து சேர்ந்தது.

பார்த்த உடனே ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைக் காப்புக்காட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள், எறும்புக் கூட்டம் ஆடுமாடுகளின் கண்ணைக் குறிவைத்து ஏறுவதாகவும், மேய்ச்சலுக்குக் காட்டுக்குள் போகவே முடியவில்லை என்றும் புகார் சொன்னார்கள். உள்ளூர் இதழ்கள் தொடங்கி வெளிநாட்டு ஊடகங்கள்வரை அது செய்தியானது. ‘மஞ்சள் பைத்திய எறும்பு’ என்று எழுதினார்கள். அதே பகுதி, அதே புகார், எறும்பும் மஞ்சள். பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தால் மாப்பிள்ளைக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் செய்தியில் படித்த பெயரை எதிரில் கிடக்கும் எறும்பின் தலையில் கட்டுவதற்கு ஜோசியம் என்று பெயர். முதலில் அந்தப் பெயரை மறக்க வேண்டியிருந்தது.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட எறும்பு இனங்கள் 14,000-க்கு மேல். இந்தியாவில் மட்டும் 800-ஐத் தாண்டும். நம் பேச்சுத் தமிழில் இவற்றுக்கு இருக்கும் பெயர்களை எண்ணினால் விரல்களே போதும்: கட்டெறும்பு, சிற்றெறும்பு, செவ்வெறும்பு, பிள்ளையார் எறும்பு, முசுறு, இன்னும் ஊருக்கு ஊர் இரண்டொன்று. இந்தப் பெயர்களைக் குறைசொல்ல மாட்டேன். கடிக்குமா, கடிக்காதா, எங்கே ஏறும் என்று வீட்டுக்குத் தேவையான கேள்விகளுக்கு அவை பதில் சொல்லிவிடுகின்றன. கடிக்காத கறுப்பு எறும்பு எதுவாக இருந்தாலும் அது பிள்ளையாருக்குச் சொந்தம். ஆனால் ஆட்டுக்குட்டியின் கண் என்று வந்துவிட்டால் கேள்வி மாறிவிடுகிறது.

புதிய எறும்பு ஒன்றைப் பார்த்ததும் நாம் கவனிப்பது நிறம், அடுத்தது அளவு. இரண்டுமே ஏமாற்றும். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வேலைக்கார எறும்பு, அதன் இனம் கறுப்பாக இருந்தாலும், சில நாள் வெளிறித் தெரியும். அளவைப் பற்றிச் சொல்வதானால், நம் பக்கத்து மண்ணில் அணிவகுத்துப் போகும் கரெபாரா டைவர்சா என்ற எறும்பே போதும். அதன் மிகப் பெரிய வேலைக்காரியின் தலை, மிகச் சிறியதன் தலையைப்போல் பத்து மடங்கு அகலம். உலர் எடையோ ஐந்நூறு மடங்கு. சிறியது பெரியதன் தலைமேல் ஏறிச் சவாரி செய்வதைப் பார்த்தவர்கள் இரண்டையும் அக்கா தங்கை என்று நம்பவே மாட்டார்கள். ஆனால் ஒரே தாய் வயிற்றுப் பிறப்பு.

இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. எறும்பாகத் தெரிவது எறும்பே அல்லாமல் இருக்கலாம். முசுறு ஊரும் மாமரத்தில் முசுறு போலவே ஒன்று தனியாகத் திரிந்தால் கால்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டு இருந்தால் அது சிலந்தி. முன்னங்கால்கள் இரண்டையும் உணர்கொம்புகள்போல் தூக்கிக்கொண்டு நடிக்கும். மழைக்காலத்து ஈசலைச் சிறகு முளைத்த எறும்பு என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அது கறையானின் பிள்ளை. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும், கறையானுடையது மணிமாலைபோல் நேராக இருக்கும். எறும்புக்கு இடுப்பு ஒடிந்துவிடுவதுபோல் ஒல்லி, கறையானுக்கு இடுப்பே கிடையாது.

அந்த இடுப்பில்தான் வேலை தொடங்குகிறது.

ஒரு எறும்பை ஊசிமுனையால் எடுத்து வெள்ளைத் தாளில் பக்கவாட்டில் கிடத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்தேன். மேலிருந்து பார்த்தால் எறும்பு எதையும் சொல்லாது. கைப்பேசியில் எடுத்து அனுப்பப்படும் எறும்புப் படங்களில் பெரும்பாலானவை பயன்படாமல் போவதற்கு அதுவே காரணம். எல்லாம் முதுகைக் காட்டும் படங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நெஞ்சுப் பகுதிக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கணு தெரியும். சில எறும்புகளுக்கு ஒன்று, சிலவற்றுக்கு இரண்டு. தோட்டத்தில் கால் வைத்தால் சுருக்கென்று கொட்டிக் கொப்புளம் எழுப்பும் சிவப்பு நெருப்பெறும்புக்கு இரண்டு கணு. முசுறுக்கு ஒன்று, கட்டெறும்புக்கும் ஒன்று. மாப்பிள்ளை கொண்டுவந்ததற்கும் ஒன்றுதான்: உருண்டையாக, மேல்நோக்கி நிமிர்ந்து, முள் எதுவும் இல்லாமல். அந்த ஒரு பார்வையிலேயே நெருப்பெறும்புகளும் அவற்றின் பெருங்குடும்பமும் கணக்கிலிருந்து கழிந்தன.

அடுத்து வயிற்றின் நுனி. ஒற்றைக் கணு எறும்புகளில் சிலவற்றுக்குக் கொடுக்கு உண்டு. சிலவற்றுக்குக் குறுக்குவாட்டில் ஒரு கீறல் மட்டும் இருக்கும்; நசுக்கினால் ஒருவித நாற்றம் வரும். இன்னொரு கூட்டத்துக்கு நுனியில் வட்டமான சின்னத் துளை, அதைச் சுற்றிக் கண்ணிமைபோல் மயிர் வரிசை. அது அமிலத்துளை. கொட்டுவதற்குப் பதில் பீய்ச்சி அடிக்கும் கூட்டம் இது. பீய்ச்சப்படுவது ஃபார்மிக் அமிலம். எறும்புகளைக் காய்ச்சி வடித்து அந்த அமிலத்தைப் பிரித்ததை ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே 1671-இல் எழுதினார். எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ஃபார்மிகாதான் அமிலத்துக்கும் பெயரானது. என் லென்ஸுக்கு அந்தத் துளை எட்டவில்லை. கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் நண்பரின் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்ததும் துளையும் மயிரும் தெளிவாகத் தெரிந்தன. கடித்த தடம் இல்லாமல் குட்டிகளின் கண் எரிந்ததற்கு அங்கேயே விளக்கம் கிடைத்துவிட்டது.

கட்டெறும்பும் முசுறும் இதே அமிலக் கூட்டம்தான். ஆகவே மூன்றாவது கேள்வி: உணர்கொம்பில் எத்தனை துண்டு?

கேட்க எளிது, எண்ண அப்படியல்ல. முதல் தண்டு நீளமானது, அது ஒன்று. மடங்கிய பிறகு வருவதெல்லாம் கடுகளவுகூட இல்லாத உருளைகள். முதல் எறும்பில் 10 என்று எண்ணினேன். நண்பர் 12 என்றார். முழங்கைபோல் மடங்கும் மூட்டுக்குள் ஒரு துண்டு ஒளிந்துகொள்வதும், நுனித்துண்டின்மேல் விழும் நிழல் இரண்டாகத் தெரிவதும் வழக்கமான தவறுகள். உணர்கொம்பைத் தனியாகக் கழற்றி, ஒரு சொட்டு கிளிசரினில் நீட்டிப் போட்டு, ஆளுக்கு இரண்டு முறை எண்ணினோம். நான்கு எறும்புகளில், எட்டுக் கொம்புகளில், எட்டிலும் 11.

அந்த 11 பெரிய சல்லடை. கட்டெறும்புக்கு 12, முசுறுக்கும் 12. அடுக்களை மேடையில் குறுக்கும்நெடுக்கும் ஓடும் நீளக்கால் கறுப்பு எறும்புக்கும் 12. பல வீடுகளில் பிள்ளையார் எறும்பு என்பது அதைத்தான். அமிலக் கூட்டத்தில் 11 துண்டு கொண்டவை நம் பக்கத்தில் சொற்பம். ஒன்று பிளாஜியோலெபிஸ்: ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், தூசியென்று ஊதிவிடலாம். ஒன்று அக்ரோபைகா: மண்ணுக்குள்ளேயே வாழ்வது, கண் மிகச் சிறியது. இன்னொன்று லெபிசியோட்டா: அதன் இடுப்புக் கணுவின் உச்சியில் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கும். நம்முடையது 4 முதல் 5 மில்லிமீட்டர். கண் பெரியது, பிதுங்கியது. கணுவில் முள் இல்லை. உணர்கொம்பின் முதல் தண்டை அளந்தோம். தலையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். காலைச் சொல்லவே வேண்டாம்.

மிஞ்சியது ஒரே பெயர். அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ். நாக்கு நுனிக்கு வந்த பெயரேதான். ஜோசியம் பலித்துவிட்டதே என்று நண்பர் சிரித்தார். பலித்ததுதான். ஆனால் இப்போது யாராவது ‘இது முசுறு’ என்று வாதாடினால் 11 என்ற எண்ணை எடுத்துக் காட்டலாம்.

அப்படி வாதாடுபவர்கள் இருக்கவே செய்கிறார்கள். முசுறும் மஞ்சள் கலந்த சிவப்பு, அதற்கும் கால் நீளம், அதுவும் அமிலம் பீய்ச்சும். ஆனால் முசுறு உருவில் பெரியது. இலைகளைப் பட்டு நூலால் தைத்து மரத்தில் கூடு கட்டும். சீண்டினால் வயிற்றைத் தூக்கி நிற்கும். இந்தக் கூட்டையே நற்றிணை பேசுகிறது. அங்கே அதன் பெயர் முயிறு. மாவிலும் முந்திரியிலும் பூச்சிகளை வேட்டையாடுவதால் அது தோட்டக்காரனுக்கு நண்பன். தென் சீனத்தில் ஆரஞ்சு வகைத் தோட்டங்களுக்காக முசுறுக் கூடுகளைச் சந்தையில் விற்றதாக 304-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு நூல் சொல்கிறது. மஞ்சள் எறும்பு என்ற பயத்தில் மருந்தடித்து முசுறுக் கூட்டைக் கொன்றுவிட்டு, உண்மையான ஆளை மண்ணுக்குள் விட்டுவைத்தால் நஷ்டம் இரட்டிப்பு. அடையாளம் காண்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் தரும் பதில் இந்த நஷ்டக் கணக்குதான்.

செத்த எறும்பு உருவத்தை மட்டுமே சொல்லும். நடையைப் பார்க்க ஊருக்கே போக வேண்டியிருந்தது. ஒரு விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன், மாப்பிள்ளையின் கொட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கொட்டத்துக்குப் பின்னால் உரக்குழி, அதையடுத்து ஒரு வேப்பங்கன்று. கட்டெறும்பு நடப்பதில் ஒரு தீர்மானம் இருக்கும். இவற்றிடம் அது இல்லை. வேகமாக நாலு விரற்கடை ஓடும், நிற்கும், சம்பந்தமில்லாத பக்கம் திரும்பும், மறுபடி ஓடும். விரலை வைத்து வழிமறித்தால் வரிசை சிதறி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்குத் தறிகெட்டு ஓடியது. ‘பைத்தியம்’ என்ற சொல் இந்த ஓட்டத்திலிருந்து வந்தது. எனக்கு ‘கிறுக்கு எறும்பு’ என்பதே பிடித்திருக்கிறது. தாளில் கிறுக்கிய கோடு மாதிரி அதன் தடம்.

வேப்பங்கன்றின் இளந்தண்டில் மாவுப்பூச்சிகள் அப்பியிருந்தன. ஒவ்வொரு பூச்சிக்கும் காவல்போல் இரண்டு மூன்று எறும்பு. உணர்கொம்பால் தட்டிக்கொடுக்க, பூச்சியின் பின்புறத்தில் ஒரு துளி திரண்டது. எறும்பு அதைக் குடித்தது. உறிஞ்சிய தாவரச் சாற்றில் மிஞ்சும் சர்க்கரை அது, தேன்கழிவு என்பார்கள். “இதுவும் பால் கறக்குதே மச்சான்” என்றார் ஆட்டுக்காரர். ஒரு சருகுக் குவியலைக் குச்சியால் கிளறினேன். ஒன்றல்ல, ஐந்து ராணிகள் கண்ணில் பட்டன. இன்னும் ஆழத்தில் எத்தனையோ. பத்தடி தள்ளி, மாட்டுத்தொட்டி அருகே இருந்த இன்னொரு புற்றிலிருந்து இரண்டை எடுத்து இங்கே விட்டேன். இரண்டு புற்றுக் கட்டெறும்புகளை இப்படிச் சேர்த்துவிட்டால் கால் கழலும்வரை சண்டை நடக்கும். இவை உணர்கொம்பால் தடவிப் பார்த்துவிட்டுச் சேர்ந்துகொண்டன.

இந்த எறும்பின் பலம் முழுவதும் அந்தப் பத்து நிமிடக் காட்சியில் அடங்கியிருந்தது. பல ராணிகள், புற்றுக்குப் புற்று பகையின்மை, கூடவே ஒரு சர்க்கரைப் பண்ணை. பறந்துபோய்ப் புதுக்குடி அமைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு ராணி சில வேலைக்காரிகளோடு நடந்தே போய்ப் பக்கத்தில் குடியமர்ந்துவிடும். இப்படிப் பெருகி எல்லை தெரியாமல் ஒன்றாகிப்போன கூட்டத்தை ஆய்வாளர்கள் பெருங்குடியிருப்பு என்கிறார்கள்.

அதன் உச்சம் இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்ட கிறிஸ்துமஸ் தீவில் நடந்தது. செந்நண்டுகள் கோடிக்கணக்கில் வாழ்ந்த காடு அது. மழை தொடங்கியதும் அவை முட்டையிடக் கடலுக்கு நடந்துபோகும் ஊர்வலம் உலகப் புகழ் பெற்றது. கிறுக்கு எறும்பு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தீவுக்குள் வந்துவிட்டது. பல பத்தாண்டுகள் இருக்கும் இடம் தெரியாமல் இருந்தது. 1989-இல் முதல் பெருங்குடியிருப்பு கண்ணில் பட்டது. பின்னர் காட்டின் கணிசமான பகுதிக்குப் பரவியது. எறும்புகள் நண்டின் கண்ணிலும் மூட்டிலும் அமிலம் அடித்தன. பார்வை போன நண்டு அங்கேயே காய்ந்து செத்தது. செத்தவை கோடிக்கணக்கில். சருகையும் நாற்றையும் தின்று தரையைப் பெருக்கி வைத்திருந்த நண்டு போனதும், காட்டின் தரையே மாறி நாற்றுகள் மண்டின.

இந்த இடத்தில் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும்போது எறும்பை மூவறிவில் வைக்கிறது, நண்டை நாலறிவில். தொடுதல், சுவை, மோப்பம் வரை எறும்புக்கு. நண்டுக்கு அதற்கு மேல் கண்ணும் உண்டு. எறும்புக்குக் கண் உண்டு என்று இன்று நமக்குத் தெரியும், கிறுக்கு எறும்பின் கண் பிதுங்கியே இருக்கிறது. இருந்தாலும் அதன் உலகம் மோப்பத்தால் ஆனது என்பதில் அந்தப் பழைய கணிப்பு பெரிதும் தவறவில்லை. மூவறிவு உயிர், நாலறிவு உயிரின் அந்த நாலாவதைத் தேடிப்பிடித்து அழித்த கதையாகக் கிறிஸ்துமஸ் தீவை வாசிக்கலாம்.

தீவில் ஹெலிகாப்டரிலிருந்து மருந்து கலந்த இரையைத் தூவிப் பார்த்தார்கள். பலன் இருந்தது, நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் எறும்பு திரும்பிவிடும். பிறகு எறும்பை விட்டுவிட்டு அதன் பால்மாட்டின் பக்கம் திரும்பினார்கள். அங்கே மரங்களில் தேன்கழிவு கொடுத்து எறும்பை வளர்த்தது மஞ்சள் அரக்குச் செதில்பூச்சி. அதன் உடலில் முட்டையிட்டுக் கொல்லும், இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016 டிசம்பரில் விட்டார்கள். எந்த எறும்பு, எந்தச் செதில்பூச்சி, அதற்கு எந்தக் குளவி என்று மூன்று பெயர்களும் பிசகாமல் தெரிந்திருந்ததால்தான் அப்படி ஒரு முயற்சியை யோசிக்கவே முடிந்தது.

பசிபிக்கின் ஜான்ஸ்டன் பவளத்தீவில் 2010-இல் இதே எறும்பைக் கண்டுபிடித்து, ஆண்டுக்கணக்கில் தன்னார்வலர்கள் தங்கி வேலை செய்து, 2021-இல் முற்றிலும் ஒழித்ததாக அறிவித்தார்கள். கடற்பறவைகள் கூடு கட்டும் சின்ன நிலத்துண்டு அது. மலையும் காடும் ஊரும் பின்னிக் கிடக்கும் கரந்தமலையில் அந்தக் கணக்கு செல்லாது.

மாப்பிள்ளையின் முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘நம்ம ஊரு எறும்பு இல்ல.’ செய்திகளும் அப்படித்தான் எழுதின: அயல் எறும்பு, புதிதாக வந்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இது இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் இதன் பெயரைத் தோண்டிக்கொண்டே போனால், போய் நிற்கும் இடம் சென்னை.

தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய ராணுவ மருத்துவர். பறவை ஆய்வாளர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். எறும்புக்காரர்கள் அவரைக் குலதெய்வமாகவே கும்பிடலாம். 1851-இல் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்ரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். குதித்து வேட்டையாடும் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர், மேலே சொன்ன கரெபாரா டைவர்சா எல்லாம் அந்தப் பட்டியலில் பிறந்த இனங்கள். அதில் ஓர் எறும்புக்கு அவர் வைத்த பெயர் ஃபார்மிகா லாஞ்சிபெஸ். பொருள், நெடுங்காலி. பாட்டிலில் கிடப்பது அதுதான்.

பெயர் நிலைக்கவில்லை. பிரெஞ்சு அறிஞர் லத்ரெய் 1802-இலேயே வேறோர் எறும்புக்கு அதே ஃபார்மிகா லாஞ்சிபெஸ் என்ற பெயரைச் சூட்டியிருந்தார். ஒரே பேரினத்தில் ஒரே பெயர் இரண்டு உயிருக்கு இருக்கக் கூடாது, முந்தியவருக்கே உரிமை. 1857-இல் லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தின் ஃப்ரெடெரிக் ஸ்மித், ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் சிங்கப்பூரில் பிடித்து அனுப்பிய ஓர் எறும்பை விவரித்து ஃபார்மிகா கிராசிலிபெஸ் என்றார். பொருள், மெல்லிய காலி. இரண்டும் ஒரே எறும்பு. இருபதாம் நூற்றாண்டின் பெரும் பகுதி ஜெர்டனின் பெயரே புழங்கியது. அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் விதிப்படி ஸ்மித்தின் பெயர் உறுதியானது. அதனால் இதைப் பற்றிப் பழைய நூல்களில் தேடுபவர் இரண்டு பெயரையும் தேட வேண்டும். ஒன்றை மட்டும் தேடினால் பாதிக் கதைதான் கிடைக்கும். பேரினப் பெயரான அனோப்லோலெபிஸ் 1914-இல் வந்தது. கிரேக்கத்தில் ‘ஆயுதமற்ற செதில்’ என்று பொருள். முள்ளில்லாத அந்த இடுப்புக் கணுவைச் சொல்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆட்டுக்குட்டியின் கண்ணைப் பார்த்தவர்களுக்கு ‘ஆயுதமற்ற’ என்பது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

மதராஸ் டாக்டர், லண்டன் மியூசியக்காரர், நத்தத்து ஆட்டுக்காரர். மூன்று பேர் கண்ணிலும் முதலில் பட்டது காலேதான். லென்ஸ் வருவதற்கு முன்பே கண்ணுக்குப் பாதி தெரிந்திருக்கிறது.

ஆக, 1851-லேயே இது தென்னிந்தியாவில் இருந்தது. அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இதன் பேரினத்து உறவினர்கள் எல்லாம் ஆப்பிரிக்காவில் இருப்பதால் அதுவே தாயகம் என்பது ஒரு கட்சி, ஆசியா என்பது மறு கட்சி. எது உண்மையானாலும், 170 ஆண்டுகளுக்கு மேலாக இங்கே குடியிருப்பதைப் புதுவரவு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படிப் பார்த்தால், நாம் பிறந்ததிலிருந்து காலைக் கொட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு நெருப்பெறும்பு அமெரிக்கக் கண்டத்துப் பிறவி. 2015-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு அதன் பயணத்தைத் தடம் பிடித்தது: பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு வெள்ளி ஏற்றிப்போன ஸ்பானியக் கப்பல்களில், எடைக்காக நிரப்பிய மண்ணோடு ஏறி, அங்கிருந்து ஆசியா முழுக்கப் பரவியிருக்கிறது. மிளகாய் வந்த அதே காலம், அதே உலகம். மிளகாயை நாம் அயல் காய் என்பதில்லை.

கரந்தமலையில் புதிதாக நடந்திருப்பது எறும்பின் வருகை என்பதைவிட அதன் பெருக்கம் என்றே நினைக்கிறேன். கிறிஸ்துமஸ் தீவிலும் அப்படித்தான், வந்து பல பத்தாண்டு கழித்தே வெடித்தது. எனவே கேட்க வேண்டிய கேள்வி ‘எங்கிருந்து வந்தது’ என்பதிலிருந்து ‘இப்போது யார் இதற்குச் சோறு போடுகிறார்கள்’ என்று மாறுகிறது. அதற்கு எறும்பைப் பார்த்தது போதாது. மரத்தண்டில் என்ன அப்பியிருக்கிறது, அது எந்த இனம் என்று பார்க்க வேண்டும். இன்னொரு சல்லடை, இன்னொரு பாட்டில்.

லென்ஸால் ஒருபோதும் பார்க்க முடியாத ஒன்று இந்த எறும்புக்குள் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஹியூகோ டாராஸும் சகாக்களும் எழுதிய கட்டுரை எறும்பியலையே கொஞ்சம் ஆட்டிவைத்தது. இந்த இனத்தில் இரண்டு மரபு வழிகள் ஓடுகின்றன. ராணிகள் ஒரே வழியைச் சேர்ந்தவை. வேலைக்காரிகள் இரண்டு வழியும் கலந்தவை. ஆண்கள்தான் விசித்திரம். ஒரே ஆணின் உடம்பில் சில செல்கள் தாய்வழியை மட்டும் கொண்டவை, சில செல்கள் தந்தைவழியை மட்டும் கொண்டவை. கருவுற்ற முட்டையில் இரண்டு உட்கருவும் இணையாமல் தனித்தனியே பிரிந்து வளர்ந்து ஓர் உடலாகிவிடுகின்றன. அர்த்தநாரி என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அங்கே பாதிக்குப் பாதி என்ற ஒழுங்கு இருக்கிறது. இங்கே செல்லுக்குச் செல் கலந்து கிடக்கிறது. ‘இது என்ன எறும்பு’ என்று கேட்டால் அந்த ஆணின் காலும் குடலும் வேறு வேறு பதில் சொல்லக்கூடும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், “பேரு தெரிஞ்சாச்சு. நான் இப்ப என்ன செய்யட்டும்?”

தெரிந்ததைச் சொன்னேன். மண்ணெண்ணெய் மேலே திரிபவற்றைத்தான் கொல்லும். ராணிகள் உள்ளே இருக்கும்வரை மூன்றாம் நாள் திரும்பத்தான் செய்யும். கொட்டத்தைச் சுற்றியுள்ள சருகையும் மட்டையையும் வாரி அப்புறப்படுத்தினால் புற்று வைக்க இடம் குறையும். வேப்பங்கன்றின் மாவுப்பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். குட்டிகளை இரவில் தரையில் கிடத்தாமல் பரண்மேல் ஏற்ற வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மாமரத்து முசுறுமேல் மட்டும் கை வைக்கக் கூடாது. பரண் ஏற்கெனவே பாதி கட்டிவிட்டதாகச் சொன்னார்.

பாட்டிலில் மீதி இருந்தவற்றில் மூன்றை முறைப்படி பதப்படுத்தினேன். எறும்பை ஊசியால் குத்த மாட்டார்கள், உடைந்துவிடும். முக்கோணமாக வெட்டிய சின்ன அட்டையின் கூர்முனையில் ஒரு பொட்டுப் பசை வைத்து, எறும்பின் நெஞ்சுக்கு அடியில் ஒட்டி, அட்டையின் அகன்ற பக்கத்தில் ஊசி ஏற்ற வேண்டும். இடுப்புக் கணு பசையில் மறைந்துவிடக் கூடாது. ஊசியில் எறும்புக்குக் கீழே சீட்டு: ஊர், உயரம், தேதி, எதன்மேல் பிடித்தது. சீட்டு இல்லாத எறும்பை எந்த அருங்காட்சியகமும் தொடாது.

இந்த வேலையை அவர் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஆட்டுக்கொட்டம், வேப்பங்கன்று, மாவுப்பூச்சியுடன்’ என்று நுணுக்கி எழுதி முடித்துக் கடைசி வரிக்கு வந்தேன். அது சேகரித்தவர் பெயருக்கான இடம். பழக்க தோஷத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன்.

“பிடிச்சது நான்ல?” என்றார்.

சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதினேன்.